இனித் தெரியும்தானே

அப்பா காரை எடுத்துக்கொண்டு போய் ஏழு மணிநேரம் இருபது நிமிடம் கழித்து வீடு திரும்பினார். பகல் இரண்டு மணிக்குப் போனவர். பினாங்கு சூலியா தெருவில் மூக்குக்கண்ணாடிக்குக் காம்பு மாற்றிக்கொண்டு தேநீர் நேரத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். நான் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அம்மா கோபமாக இருந்தாள். இருட்டியபோது கோபம் போய்விட்டது. யாருக்காவது தொலைபேசி செய்யலாமா என்று யோசித்தோம். யாருக்குச் செய்தாலும் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் செய்யவில்லை. ஒன்பது மணிக்கு மேல் அம்மாவால் உள்ளே இருக்க முடியவில்லை. கேற்றைத் திறந்துகொண்டு ரோட்டோரத்தில் போய் நின்றாள். சற்று நேரத்தில் எங்கள் வோல்ஸ்லி கார் மெதுவாக வந்து, அவளுக்கு முன்னால் திரும்பி, போர்ச்சுக்குள் நுழைந்தது.

"எங்கை போட்டியள் இவ்வளவு நேரம்?"

"நிபோங் திபால் வரைக்கும் ஓடிப் பாத்தனான். வரேக்கை பாலத்தில சரியான ஜாம்."

"நிபோங் திபாலில எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஆரும் இருந்தால்தான் போகலாமோ?" என்று கேட்டுவிட்டு அப்பா கைகழுவப் போனார். கண்ணாடிக்குப் புதிய காம்பு போட்டிருந்தது. சட்டையில் வியர்வை முதுகு முழுவதும் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

மறுநாள் காலையில் காரைத் துடைக்கும்போது மைல்மானியைப் பார்த்தேன். இரண்டு நாளைக்கு முன்புதான் அதில் ஐந்து எட்டுகளும் ஒன்றாக வந்து நின்றன என்று அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தார். அதன்பிறகு கார் இந்த ஒரு பயணம்தான் போயிருக்கிறது. இப்போது அதில் பதினைந்து மைல் கூடியிருந்தது. நிபோங் திபால் போய் வர அறுபது மைலாவது வேண்டும். நான் துணியைப் பிழிந்து உலர்த்தினேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

தீவையும் மறுகரையையும் இணைக்கும் பாலம் திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ரோடுகளை ஒருவழிப் பாதையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள், பெயர்களையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. என்னை வேலை முடிந்து கூட்டிப்போக வந்த அப்பா பாயான் பாருவில் வேறொரு தொழிற்சாலை வாசலில் ஒரு மணிநேரம் காத்திருந்தபோது அம்மா, "எல்லாக் கட்டடத்தையும் ஒரே மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறாங்கள்" என்றாள். தண்ணீர்மலைக் கோவிலுக்குப் புறப்பட்டு ஆயர் ஈத்தாம் சந்தையில் போய் நின்றபோது, "ரோட்டைத் திருப்பி விட்டிட்டாங்கள்" என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன். கிளட்ச், கியர், பிரேக் எதிலும் அவருக்குக் குறைவில்லை. என்னை வேலைக்குக் கொண்டுபோகிற பஸ் டிரைவரைவிட நன்றாக ஓட்டினார். துறைமுகத்தில் தலைமைக் கிளார்க்காக முப்பத்தொரு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளும் அதே நேரத்துக்குச் சட்டை போட்டு, அதே நேரத்துக்குக் காரை எடுத்தார். போக இடமில்லாவிட்டாலும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து பேப்பர் படித்தார். காரை அவரிடமிருந்து எடுத்துவிட்டால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து எதைப் பார்ப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குச் சுவர் மட்டும்தான் தெரிந்தது.

மூர்த்தி அண்ணா கோலாலம்பூரில் வழக்கறிஞர். அம்மா அவரிடம் தொலைபேசியில் எவ்வளவு சொன்னாள் என்று தெரியாது. ஆனால் அந்த வாரமே அவர் ஈப்போவில் ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். பழைய ஆங்கிலேயக் கார்களை வாங்கிச் சேர்க்கிறவராம். தீபாவளிக்கு வரும்போது பேசி முடித்துவிடலாம் என்றார். அம்மா "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டாள். கதவருகில் நின்ற நான், "விக்கக் கூடாது" என்றேன். அதைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அம்மா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

"என்ன பிள்ளை, ஏதும் சொன்னனியோ?"

"இல்லையம்மா."

நான் பேசிச் செய்கிற ஆள் இல்லை. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் இயற்பியல் படித்தேன். வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அப்போது கார் ரேடியோ செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். அங்கே இயந்திரங்கள் பேசும், நான் குறித்துக்கொள்வேன். அந்த வாரம் முழுவதும் பரிசோதனை மேசையில் கேசட்டுகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு யோசனை வந்தது.

சூலியா தெருவில் ஷேக் அலாவுதீனுக்கு கார்ச் சாமான் கடை. என்னோடு வந்த அப்பா காரிலேயே இருந்துகொண்டார். கேசட் ஒருபக்கம் முடிந்ததும் தானே மறுபக்கம் திரும்பிப் பாடும் பிளேயர் ஒன்றை நான் தேர்ந்தெடுத்தேன். ஷேக் அலாவுதீன் வெளியே வந்து, காரின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, இந்தக் கெரெத்தா வயசு என்னா? இதுல பாடிக்குப் பாசிட்டிவ் கொடுத்திருக்கான். இந்த செட்ட மாட்டினா பாட்டு வராது, பொகைதான் வரும்."

"தெரியும். பேட்டரியைத் திருப்பிப் போட்டு, டைனமோவையும் மாத்திட்டுத்தான் மாட்டணும்."

"யாரு மாத்துவா?"

"நான்தான்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், காருக்குள் இருந்த அப்பாவையும் பார்த்தார். "சரிலா. வெடிச்சா என் கடை பேரச் சொல்லாத." பிளேயரைக் கட்டும்போது, கண்ணாடி உருண்டைக்குள் தண்ணீரில் மிதக்கும் ஒரு சின்னத் திசைகாட்டியையும் பெட்டியில் போட்டார். "இது சும்மா. டேஷ்போர்டுல ஒட்டிக்க. எங்காளுங்க தூரமாப் போனா தொழுறதுக்கு கிப்லா திசை பாக்க வாங்குவாங்க. ஒங்க அப்பாவுக்கு எதுக்காச்சும் ஒதவும்."

உதவவில்லை. ஒட்டிய அன்றே அது ஸ்பீக்கரின் காந்தத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டது. கார் எந்தப் பக்கம் போனாலும் வடக்கு அப்பாவின் இடது முழங்காலில் இருந்தது. அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. "இது என்னை மாதிரி. தான் பிடிச்ச பக்கத்தை விடாது" என்றார். கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வோல்ஸ்லியின் டேஷ்போர்டு வால்நட் மரம். ஒரே பலகை, இருபத்தைந்து வருடமாக ஒரு கீறல் விழாதது. அப்பா ஞாயிறுதோறும் அதற்கு எண்ணெய் பூசுவார். பிளேயர் வைக்க அதில் ஓட்டை போட வேண்டும். போட்டால் போட்டதுதான். ஈப்போக்காரர் எதற்காக இந்தக் காரை விரும்பினாரோ, அது இந்தப் பலகைதான் என்று அண்ணா சொல்லியிருந்தார். அந்தச் சனிக்கிழமை மதியம் நான் பென்சிலால் கோடு போட்டு, இழைவாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ, உனக்கென்ன விசரோ? கொண்ணன் வந்தால் என்ன சொல்லுவான்?"

அப்பா மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். கோட்டை விரலால் தடவினார்.

"என்னத்துக்குப் பிள்ளை இது?"

"பாட்டுக் கேக்க, அப்பா."

"பாட்டோ?" என்றார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் பாட்டுக் கேட்கிற மனிதர் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். "அப்ப வெட்டு. நேரா வெட்டு."

வெட்டினேன். மரத்தூள் அவருடைய காற்சட்டையில் விழுந்துகொண்டே இருந்தது. அவர் தட்டிவிடவில்லை.

மற்றது கொஞ்சம் வேலை. என் யோசனை இதுதான்: நான் பேசி ஒரு கேசட்டில் வழியைப் பதிவு செய்வது, அப்பா அதைக் கேட்டு ஓட்டுவது. ஆனால் டேப் ஒரே வேகத்தில் ஓடும், கார் அப்படி ஓடாது. அதனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு ஒரு 'பீப்' ஒலியைப் பதிந்தேன். அந்த ஒலியைக் கேட்டால் டேப்பை நிறுத்திவிடும் ஒரு சின்ன சர்க்கியூட்டைச் செய்து பிளேயருக்குப் பின்னால் ஒளித்தேன். ஒரு திருப்பம் முடிந்ததும் அப்பா ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அடுத்த வாக்கியம் வரும், 'பீப்', நிற்கும். பட்டனுக்கு வீட்டு வாசலில் வைக்கும் அழைப்புமணியின் சுவிட்சைப் பொருத்தினேன், தடவினால் கையில் அகப்படும்படி. கேசட்டின் ஒரு பக்கம் சூலியா தெருவிலிருந்து வீட்டுக்கு, மறுபக்கம் வீட்டிலிருந்து சூலியா தெருவுக்கு. கடைசியில் ஓரிரு நிமிடம் மட்டும் விட்டு, மிச்சமிருந்த டேப்பை வெட்டி எடுத்துவிட்டேன்.

அம்மா கோவிலுக்குப் போன ஒரு காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தேன். போட்டுக் கேட்டபோது யாரோ ஒரு பெண் அறிவிப்புச் செய்வதுபோல் இருந்தது. "அறுநூறு மீட்டருக்குப் பிறகு வலதுபக்கம், ஜாலான் டத்தோ கிராமாட்." எல்லாம் சரியாக இருந்தது. பெயர்ப்பலகையில் உள்ள பெயர்கள், அளந்து எடுத்த தூரம். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே கொம்தார் கட்டடத்தை இரண்டு தடவை சுற்றினார். பிறகு ஓரமாக நிறுத்தினார்.

"இந்தப் பொம்பிளை ஆரோ புது ஊர்க்காரி" என்றார். "அவளுக்கு இந்த இடம் தெரியாது."

எனக்கு முதலில் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து மறுபடி யோசித்தேன். கருவி சரியாகத்தான் வேலை செய்தது, அளவுகோல்தான் பிழை. அப்பா பெயர்ப்பலகையை வாசித்து ஓட்டியவர் இல்லை. பினாங்கில் யார்தான் அப்படி ஓட்டுகிறார்கள்? இங்கே வழி கேட்டால் இருக்கிற கடையைச் சொல்லமாட்டார்கள், அதற்கு முன்னால் அங்கே இருந்த கடையைத்தான் சொல்வார்கள். அடுத்த வாரம் முழுவதும் நான் அப்பாவோடு காரில் போனேன். வழி சொல்லவில்லை. "இது என்ன இடம் அப்பா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். இடித்து ஐந்து வருடம் ஆன வீடுகளெல்லாம் அவருக்கு நின்றுகொண்டிருந்தன. இரண்டாம் தடவை அவற்றைக்கொண்டே பதிவு செய்தேன். அந்தக் கேசட்டுக்கு அப்பா ஒரு தடவைகூட வழி தவறவில்லை. நான் பின்னிருக்கையில் இருந்து பார்த்தேன், மூன்று தடவை. அதில் ஒவ்வொரு தடவையும் எங்கள் ரோட்டு முனைக்கு வந்ததும், சந்தைக்குப் போகவேண்டும் என்று சொல்லி இறங்கிக்கொண்டேன். என்னை வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் இறங்குவது, அவரை நான் கூட்டிக்கொண்டு வந்ததுபோல் ஆகிவிடும் என்று நினைத்தேன். அம்மா அந்த நாட்களில் மாலையில் கேற்றடியில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

தீபாவளிக்கு இரண்டு நாளிருக்கும்போது அண்ணா வந்தார். டேஷ்போர்டைப் பார்த்தார். குளித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபிறகு, "நாளைக்குக் காலமை ஆள் வாறார்" என்றார். "ஓட்டையைப் பாத்தால் விலையைக் குறைப்பார். பரவாயில்லை."

"விக்கிறதுக்கு ஒரு காரணம் சொல்லு" என்றார் அப்பா.

அம்மா அவருடைய தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அண்ணா தண்ணீர் குடித்தார்.

"ரோட்டெல்லாம் மாத்திட்டாங்கள் அப்பா. ஏன் உங்களுக்கு இந்தக் கரைச்சல்?"

"ரோட்டை மாத்தினால் ரோட்டை வில். என்ர காரை ஏன் விக்கிறாய்?"

"அப்பா, நான் சொல்லுறது என்னெண்டால்..."

"சொல்லு."

அண்ணா மறுபடியும் தண்ணீரை எடுத்துக் குடித்தார். நீதிமன்றத்தில் பேசுகிறவர். எனக்கு அப்போது வாய் வந்தது.

"நாளைக்குப் பின்னேரம் சூலியா தெருவில இருந்து அப்பா ஓட்டட்டும். வழி பிழைச்சால் காரைக் குடுங்கோ. பிழைக்காட்டில் அந்த ஆளை வர வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணா சிரித்தார். "நீ பக்கத்தில இருந்து கையைக் காட்டுவாய்."

"நான் பின்னால இருக்கிறன். வாய் திறக்கமாட்டன்."

"நீ எப்ப வாய் திறந்தனி?" என்றார் அண்ணா. அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "சரி" என்றார். "ஆளைப் பின்னேரத்துக்குப் பிறகு வரச் சொல்லு."

போகும்போது அண்ணா ஓட்டினார். சூலியா தெரு தீபாவளிக் கூட்டத்தில் நெரிந்துகொண்டிருந்தது. ஷேக் அலாவுதீன் கடைக்கு முன்னால் அப்பா ஓட்டுநர் இருக்கைக்கு மாறினார். அண்ணாவும் நானும் பின்னால் ஏறினோம். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டேஷ்போர்டைத் தடவி, மணியை அமுக்கினார்.

"அப்பா, நேரா. சீனன்ர சாக்குக்கடை இருந்த மூலை வரைக்கும்." பீப்.

அண்ணா துள்ளி எழுந்தார். "என்ன இது? இது உன்ர குரல்!"

நான் உதட்டில் விரல் வைத்தேன்.

"இது கள்ள வேலை. நீ கதைக்கமாட்டன் எண்டு சொன்னனி!"

"அவள் எங்கை கதைச்சவள்? கார் கதைக்குது" என்றார் அப்பா, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். "பேசாமல் இரு. எனக்குக் கேக்கேல்லை."

பினாங்கு ரோட்டில் திரும்பினார். ஒரு லாரிக்காரன் குறுக்கே வந்தான். அப்பா நிதானமாக விட்டுக்கொடுத்தார். மணி. "மகசின் சர்க்கஸ் வட்டம் இருந்த இடம். இப்ப வட்டம் இல்லை, ஆனால் நீங்கள் அந்த வட்டத்தைச் சுத்திற மாதிரியே வலப்பக்கம் பிடியுங்கோ." பீப். கொம்தாரின் நிழல் காருக்குமேல் விழுந்து விலகியது. அப்பா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. இல்லாத வட்டத்தைச் சுற்றிச் சரியான ரோட்டில் ஏறினார். மணி. "தவமணி மாமி வாடகைக்கு இருந்த பச்சை வீடு தாண்டுங்கோ." பச்சை வீடு இருந்த இடத்தில் ஒரு வங்கி இருந்தது. அதைத் தாண்டினார். மணி. "மூர்த்தி அண்ணா சைக்கிளோட விழுந்த லோங்காங். அவரை நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடினீங்கள். அதுக்கு அடுத்த சந்தியில இடப்பக்கம்." பீப்.

அந்தச் சாக்கடையை மூடி நடைபாதை போட்டு எவ்வளவோ காலமாகிறது. அண்ணா தலையைத் திருப்பி அந்த நடைபாதையைப் பார்த்தார். சேர்ட் கையைத் தள்ளி முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கள்ள வேலை என்று சொல்லவில்லை.

கிரீன் லேன் வந்தது. பெயர்ப்பலகையில் ஜாலான் மஸ்ஜிட் நெகிரி என்றிருந்தது, நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நான் இருக்கையின் நுனியில் இருந்தேன். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஈப்போக்காரரிடம் அண்ணா என்ன சொல்வார், அதை எப்படிச் சொல்வார் என்றெல்லாம் நினைத்துப் பார்த்தேன். எனக்குச் சத்தமாகச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. அப்பா எங்கள் ரோட்டு முனையில் இடப்பக்கம் அழகாக ஒடித்துத் திருப்பினார். கடைசித் தடவையாக மணியை அமுக்கினார்.

"அவ்வளவுதான் அப்பா. இனித் தெரியும்தானே."

அதற்குப் பிறகு நான் பீப் வைக்கவில்லை. அதற்கப்பால் வழி சொல்ல எதுவுமில்லை என்று நினைத்திருந்தேன். டேப் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கூட்டுறவுச் சங்கம் கட்டிய வீடுகள், ஒரே கூரை, ஒரே போர்ச், பாதி வீடுகளில் தீபாவளிக்குப் புதிய சுண்ணாம்பு. அம்மா உள்ளே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். கேற்றடியில் ஆள் இல்லை. எங்கள் வீடு இடப்பக்கம் வந்தது. அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. வீடு பின்னால் போனது.

அண்ணா என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. அப்பா ரோட்டின் கடைசிவரை போனார். அங்கே பந்து விளையாடும் திடலைச் சுற்றி, திரும்பி வந்தார். இந்தத் தடவை இன்னும் மெதுவாக வந்தார், ஒவ்வொரு கேற்றாகப் பார்த்துக்கொண்டு. எங்கள் கேற்றையும் பார்த்தார். பக்கத்து வீட்டு கேற்றைப் பார்த்ததுபோலவே அதையும் பார்த்தார். அண்ணா முன்னால் குனிந்து, "அப்பா, வீடு..." என்று தொடங்கினார். நான் அவருடைய கையைப் பிடித்து அழுத்தினேன். அதுவரை நான் அவரை அப்படித் தொட்டதில்லை. அவர் நிறுத்திக்கொண்டார்.

நான்கு வீடு தள்ளி, ஒரு மகிழ மரத்தின் கீழ் அப்பா காரை ஓரமாக நிறுத்தினார். பிரேக்கை இழுத்தார். எஞ்சினை அணைக்கவில்லை. திசைகாட்டி அவருடைய முழங்காலைக் காட்டிக்கொண்டிருந்தது. டேப் ஒரு பக்கம் முடிந்து, கிளக் என்று தானே மறுபக்கம் திரும்பியது. என் குரல் தெளிவாக வந்தது.

"அப்பா, எங்கட கேற்றைத் தாண்டி வெளியில வந்திட்டீங்கள்தானே? வலப்பக்கம் திருப்புங்கோ." பீப்.

நான் முன்னுக்குக் குனிந்து அதை அணைக்கப் போனேன். அப்பா என் கையை விலக்கிவிட்டார். அவரே குமிழைத் திருகி ஒலியைக் குறைத்தார். எந்தக் குமிழ் என்று தேடவில்லை. பிறகு பின்னிருக்கையைக் காட்டும் கண்ணாடியில் முதலில் அண்ணாவையும் அப்புறம் என்னையும் பார்த்தார். தலைமைக் கிளார்க்காக இருந்தபோது, மேலதிகாரி ஏதாவது கேட்டால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வாராம். இப்போது அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"மூர்த்தி, நீயும் கேள். நான் அண்டைக்கு நிபோங் திபாலுக்குப் போகேல்லை. ஒரு இடமும் போகேல்லை. இந்த ரோட்டிலதான் மேலயும் கீழயும் ஓடினனான், பிறகு இந்த மரத்தடியில நிண்டனான். எங்கட வீடு எதெண்டு எனக்குத் தெரியேல்லை. கொம்மா வந்து கேற்றில நிண்டாள். அவளைத் தெரிஞ்சுது."